மூச்சு வாங்காத குரல்

"செத்துப்போன என் வீட்டுக்காரரோட குரலை யாரோ திருடிட்டாங்க" என்றாள் பிரேமலா. "திருடனைக் கண்டுபிடிக்கணும்."

தங்கமணி பேனாவை மூடி வைத்தாள். கோலசிலாங்கூர் பட்டணத்தில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில், பன்னிரண்டு வருஷமாக அவள் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். காணாமல் போன மாடு வந்திருக்கிறது. காணாமல் போன மாப்பிள்ளை வந்திருக்கிறான். குரல் வந்தது இதுதான் முதல் தடவை.

"சங்கிலின்னா அடகுக் கடையில தேடலாம்" என்றான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகேந்திரன். "குரலை எங்க போய்த் தேடறது, கா?"

இருபத்திரண்டு வருஷம் லோரி ஓட்டியவன் மகேந்திரன். முதுகு பழுதானதும் தங்கமணியிடம் உதவியாளாகச் சேர்ந்தான். முதுகுதான் பழுதே தவிர வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"வாயை மூடு மகேன்."

"கேஸே வாயைப் பத்தினது லா."

பிரேமலா சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று வயது, தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அட்டை. வீடு புக்கிட் பெலிம்பிங்கில், வேலை ராவாங்கில். போக ஒரு மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரமெல்லாம் காரில் ஒலிநூல் ஓடும். அதுவும் விண்கலம், வேற்றுக் கிரகம், மந்திரவாதி, டிராகன் கதைகள் மட்டும். கேட்டு முடித்ததும் தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்திலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனில் விமர்சனம் பேசிப் போடுவாள். ஆறாயிரம் பேர் அதைக் கேட்கிறார்கள். கதைக்குத் தனி நட்சத்திரம், குரலுக்குத் தனி நட்சத்திரம். 'ஆயிரம் வருஷம் வாழ்ந்த டிராகன், தோட்டத்து மண்டோர் வேலையாளை விரட்டற மாதிரிப் பேசக்கூடாது' என்று ஒரு தடவை அவள் சொன்னதில், அந்த வாசிப்பாளர் மறுபடி முதலிலிருந்து வாசித்தாராம்.

அவள் கணவன் தேவதாஸும் வாசிப்பாளன்தான். நாற்பது புத்தகத்துக்கு மேல் அவன் குரலில் வந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மாதக் காலையில் அவனுடைய மோட்டார் சைக்கிளும் போனும் ஆற்றங்கரைப் படகுத்துறையில் கிடந்தன. ஐந்து நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் வீட்டில் காரியம் முடித்துவிட்டார்கள்.

"போன மாசம் இது வந்துச்சு" என்று போனை மேசைமேல் வைத்தாள் பிரேமலா.

'ஒன்பதாம் நிலாவின் காவலாளி.' எழுதியவர் ஆழியன் என்று புனைபெயர். வாசித்தவர் பெயர் இல்லை. ஆளில்லாத ஒரு நிலாவில் விளக்குக் காவலுக்கு விடப்பட்டவன், தினம் தன் கிரகத்துக்கு வானொலியில் ஒரு கதை சொல்கிறான். அங்கே யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று அவனுக்குத் தெரியாது.

பொத்தானைத் தட்டினாள்.

"இன்றும் விளக்கை ஏற்றினேன்" என்றது குரல். கனமான குரல். அடியில் லேசான கரகரப்பு. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது. "கேட்கிறவர் யாராவது இருந்தால், பதில் வேண்டாம். கேட்டால் போதும்."

மகேந்திரன் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தான்.

"பழைய ரெக்கார்டிங்கா இருக்கலாமே?" என்றாள் தங்கமணி.

"கதையே போன வருஷம்தான் எழுதினதுன்னு முன்னுரையில சொல்றாங்க கா. அதை விடுங்க. பதினோரு மணி நேரம் ஓடுது, நாலு தடவை கேட்டு விமர்சனம்கூடப் போட்டுட்டேன். ஒரு தடவைகூட எச்சில் முழுங்கல. மூச்சு வாங்கல. அவரு நீளமா ஒரு வாக்கியம் வந்தா நடுவுல மூக்கால லேசா இழுப்பாரு. நான் அதைக் கேட்டுக்கேட்டுத் தூங்கினவ. இது மனுசன் வாசிச்சதில்ல. கம்ப்யூட்டருக்கு அவரு குரலைப் பழக்கி வாசிக்க வெச்சிருக்காங்க."

"பழக்கறதுக்கு அவரு குரல் நிறைய வேணுமே?"

"சுத்தமான ரெக்கார்டிங் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு. எப்பவும் தோள் பையில வெச்சிருப்பாரு. அன்னிக்கும் பையோடதான் போனாரு. பை கிடைக்கல."

தங்கமணி மெல்லச் சொன்னாள். "அப்போ குரல் யாருகிட்ட இருக்கோ, அவன்கிட்டதான் பை இருக்கு. பை யாருகிட்ட இருக்கோ, அவன் அன்னிக்கு ஆத்தங்கரையில இருந்திருக்கான்."

"ஆமா கா" என்றாள் பிரேமலா. "அதான் எனக்குத் தூக்கம் வரல."

புத்தகத்தை வெளியிட்ட இணையத்தளத்துக்கு அவள் ஏற்கெனவே எழுதிப் பார்த்துவிட்டாள். ஆழியன் யார், எங்கிருக்கிறார் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்திருந்தது. கையில் இருந்தது பதினோரு மணி நேர ஒலி மட்டும்.

தங்கமணி ஒலிபெருக்கியை மாட்டி, இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே வரும் இடைவெளியைத் தேடிப் பிடித்தாள். நாலு வினாடி நிசப்தம். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள்.

நிசப்தத்துக்குள் என்னமோ இருந்தது. வெகுதூரத்தில் குருவிகள் கூட்டமாகக் கத்துவது போல ஒரு கிரீச் கிரீச்.

"கம்ப்யூட்டர் வாசிச்சா பின்னால சத்தம் எப்படி வரும்?" என்று கேட்டாள்.

பிரேமலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வராது. வேணும்னு சேர்த்திருக்காங்க. வெறும் குரல் மட்டும் இருந்தா காதுக்குக் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். அதனால அறையோட நிசப்தத்தைத் தனியா ரெக்கார்டு பண்ணி அடியில விரிப்பாங்க. அவரு ஒவ்வொரு தடவையும் செய்வாரு. ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்கம்பாரு. நான் கரண்டியைக்கூடக் கீழ வைக்க மாட்டேன்."

"அப்போ குரல் மெஷினோடது. நிசப்தம் திருடனோடது" என்றாள் தங்கமணி. "இன்னொரு இடைவெளி போடு."

பதினெட்டு இடைவெளிகள். எல்லாவற்றிலும் அதே குருவிகள். பதினொன்றாவது இடைவெளியில் சத்தம் திடீரென்று அறுந்து, இரண்டு தடவை விக்கி, மறுபடி ஓடியது. பதினாறாவதிலும் அதே விக்கல்.

மகேந்திரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "இது குருவி இல்ல, கா. குருவி ரெக்கார்டிங். வாலிட் வீடு."

தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் பெர்ணம் வரை ஜன்னலே இல்லாத அந்தக் கட்டடங்களைப் பார்க்காதவர்கள் கிடையாது. சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காக வாலிட் குருவி வளர்க்கும் வீடுகள். குருவிகளை வரவழைக்கக் கூரையில் ஒலிபெருக்கி வைத்து, குருவிச் சத்தத்தை நாள் பூராவும் ஓட்டுவார்கள்.

"லோரியை ஓரங்கட்டி அதுக்குப் பக்கத்துல எத்தனை நாள் படுத்திருக்கேன். ஆனா விக்கற குருவியை இப்பத்தான் கேக்கறேன். பாவம், தண்ணி கொடுக்க ஆளில்ல போல."

"நூத்துக்கணக்குல இருக்குமே அந்த வீடுங்க."

"வீடு நூறு. சத்தம் விக்கற கடை நாலுதான் இருக்கு, கா."

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். பிரேமலா வரவேண்டாம் என்று தங்கமணி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிரேமலா காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

விக்கல் வேறு எங்காவது கேட்கிறதா என்று பார்க்க வழிநெடுகப் புத்தகத்தை ஓடவிட்டார்கள். வலப்பக்கம் வயல், இடப்பக்கம் கடை வீடுகள். காருக்குள் இறந்தவன் பேசிக்கொண்டே வந்தான். ஒன்பதாம் நிலாவில் மழை பெய்வதில்லை என்றான். தன் நிழலுக்கு ஒரு பெயர் வைத்திருப்பதாகச் சொன்னான். செகிஞ்சான் தாண்டியதும் தங்கமணி கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் பிரேமலாவின் உதடுகள் குரலோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

முதல் மூன்று கடைகளில் விக்கலைக் கேட்டுச் சிரித்தார்கள். நாலாவது கடை சுங்கை ஆயர் தாவாரில், ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. கடை முதலாளியான தவுக்கே லிம், மகேந்திரனைவிட வாயாடி. போனைக் காதில் வைத்ததும் அவர் வாய் மட்டும் நின்றது.

"இதை எங்க பிடிச்ச?" என்றார் மலாயில்.

"உங்க குருவிதானா தவுக்கே?" என்றான் மகேந்திரன்.

"என் குருவிதான். என் மகன் காப்பி எடுக்கும்போது கெடுத்துட்டான். மூணு பேருக்குத்தான் வித்தேன். ரெண்டு பேர் சண்டைக்கு வந்து மாத்திக்கிட்டாங்க. குருவிக்கே விக்கல் வருதுன்னு என்னை ஊரெல்லாம் கேலி பண்ணிட்டாங்க."

"மூணாவது ஆளு?"

"சுங்கை பஞ்சாங். பாரிட் வாய்க்கால் ஓரமா, வயலுக்கு நடுவுல தனியா நிக்கும். முதலாளி கிள்ளான்ல இருக்காரு. காவலுக்கு ஒரு ஆள் போட்டிருக்காரு, உங்க ஆளுதான், தமிழன். மாத்தித் தர்றேன்னு நான் போன் பண்ணினா எடுக்கவே மாட்டான். மெசேஜ் மட்டும் வரும். 'பரவாயில்லை, பழகிடுச்சு'ன்னு. விக்கல் எவனுக்காவது பழகுமா?"

"ஆளு எப்படி இருப்பான்?"

"யாரு பார்த்தா? பொருள் வாங்கக்கூடக் கதவுக்கு வெளியே டுயிட்டை எண்ணி வெச்சிட்டு உள்ள போயிடுவான்."

காரில் ஏறியதும் மகேந்திரன் டயர் மாற்றும் இரும்பை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டான்.

"எதுக்குடா?"

"டயர் பஞ்சரானா மாத்த" என்றான். அவன் குரலில் வேடிக்கை இல்லை.

வந்த வழியே தெற்கே திரும்பி, சுங்கை பஞ்சாங் வயல்களுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் எரித்த கருப்புத் திட்டுகள். பாரிட் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டடம். ஜன்னல் இல்லை. சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆயிரம் குருவி கத்தும் சத்தம் கேட்டது. வானத்தில் ஒரு குருவிகூட இல்லை.

சத்தம் அறுந்து இரண்டு தடவை விக்கியது.

"இதான்" என்றாள் தங்கமணி.

கீழ்த்தளத்தில் தகரக் கதவு போட்ட ஓர் அறை. பத்தடி தூரத்தில் மூவரும் நின்றுவிட்டார்கள். உள்ளேயிருந்து தேவதாஸ் பேசினான்.

"இன்றும் விளக்கை ஏற்றினேன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி, சற்று மெதுவாக, "இன்றும் விளக்கை ஏற்றினேன்." பிறகு, 'இன்றும்' என்ற சொல்லில் கொஞ்சம் களைப்போடு, மூன்றாவது தடவை.

பிரேமலா தங்கமணியின் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "ஏழாம் அத்தியாயம்" என்றாள் மெல்ல. "காவலாளி நம்பிக்கை இழக்கற இடம். அந்த வரியில உணர்ச்சியே இல்லன்னு விமர்சனத்துல சொல்லியிருந்தேன். நான் சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கிட்டு இருக்கான்."

தங்கமணி கதவைத் தட்டினாள். குரல் நின்றது. யாரும் வரவில்லை. மகேந்திரன் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினான். தாழ்ப்பாள் கழன்று கதவு திறந்துகொண்டது.

ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரெல்லாம் சத்தத்தை அடக்க ஒட்டிய முட்டை அட்டைகள். மேசைமேல் ஹெட்போனும் கணினியும். திரையில் ஒரு பாதி ஒலி அலைகள், மறுபாதி பிரேமலாவின் விமர்சனப் பக்கம். நாற்காலியில், முதுகைக் காட்டியபடி, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிய ஒல்லியான மனிதன். கட்டில் காலில் ஒரு தோள் பை தொங்கியது.

"கையைத் தூக்கு" என்றான் மகேந்திரன். "அந்தப் பை எப்படிக் கிடைச்சது? வாயைத் திறந்து சொல்லு."

அந்த மனிதன் திரும்பினான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது.

மகேந்திரனின் கையிலிருந்த இரும்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

"அக்கா" என்றாள் பிரேமலா, அவனிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இது அவருதான்."

மேலே குருவிகள் கத்திக்கொண்டேயிருந்தன. தேவதாஸ் விசைப்பலகையைத் தட்டினான். பழைய குரல் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பியது. "பிரேமா, நான்..."

பிரேமலா மூன்று எட்டில் போய்ச் சுவரிலிருந்த செருகியைப் பிடுங்கினாள்.

"அது பேச வேணாம்" என்றாள். "நீங்க எழுதுங்க."

மேசையில் கிடந்த நோட்டுப் புத்தகத்தை அவன் முன்னால் போட்டாள். தங்கமணி மகேந்திரனை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

பாரிட் கரையில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து பிரேமலாவின் குரல் மட்டும் அவ்வப்போது வந்தது. சில சமயம் தாழ்ந்து, ஒரு தடவை கத்தலாக. பதில் கேட்கவில்லை. அவள் பேசுவாள், நிற்பாள், மறுபடி பேசுவாள். தெரியாதவர்கள் கேட்டால் பேய் பிடித்தவள் தனியாகப் பேசுகிறாள் என்பார்கள்.

"ஏதாவது சொல்லேண்டா" என்றாள் தங்கமணி.

"ஒண்ணும் வரல, கா."

முக்கால் மணி நேரம் கழித்து பிரேமலா தனியாக வெளியே வந்தாள். கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. காரில் ஏறினாள். சுங்கை புசார் தாண்டும் வரை நோட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள்.

"குரல்வளையில புத்துநோய். எடுத்தாத்தான் உயிர் பிழைக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. என்கிட்ட மறைச்சுட்டாரு. அன்னிக்கு ஆத்துல விழத்தான் போயிருக்காரு. விடியற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, முடியாம, மீன் லோரி ஒண்ணுல ஏறி வடக்கே போயிட்டாரு. அங்கதான் ஆப்பரேஷன். அப்புறம் பேச வேண்டாத வேலையாத் தேடி இங்க வந்திருக்காரு. கதையை எழுதினதும் அவருதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் தங்கமணி.

பிரேமலா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "கல்யாண வீடு, பிறந்தநாள், எங்க போனாலும் நான் ஒண்ணு சொல்லுவேன் கா. 'ஆளைப் பார்த்து யாரு கட்டினா, நான் இவரு குரலைத்தான் கட்டிக்கிட்டேன்'னு. எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் சிரிப்பாரு. அதை எழுதியிருக்காரு. 'நீ கட்டிக்கிட்டது போயிடுச்சு, மிச்சத்தை எப்படிக் கொண்டாந்து கொடுக்கறது'ன்னு." நோட்டில் அந்த வரியை விரலால் தொட்டாள். "நான் விளையாட்டுக்குச் சொன்னது கா அது."

"இப்ப என்ன செய்யப் போறே?"

"வீட்டுக்கு வாங்கன்னு சொல்லல. மூணு வருஷம் நான் பொட்டு வெக்கல. அதை உடனே மறக்க முடியாது. திங்கக்கிழமை காலையில ஒம்போது மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வாங்கன்னேன். செத்தவரு இல்லன்னு அவரே வந்து சொல்லணும். வரலன்னா, நான் போன வாரம் வரைக்கும் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்துக்குவேன்."

"வருவாரா?" என்றான் மகேந்திரன்.

அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

திங்கட்கிழமை காலை தங்கமணிக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் எட்டே முக்காலுக்கு மகேந்திரனோடு ஸ்டேஷன் வாசலில் நின்றாள். பிரேமலா ஏற்கெனவே உள்ளே பெஞ்சில் இருந்தாள். ஒன்பது அடித்தது. ஒன்பதே கால். மகேந்திரன் ஐந்தாவது தடவையாகச் சாலையை எட்டிப் பார்த்தான். ஒன்பதரைக்கு வடக்கிலிருந்து ஒரு பஸ் வந்து எதிர்ப்பக்கம் நின்றது. சந்தைக்கு வந்த பெண்கள் இறங்கினார்கள். எல்லாருக்கும் கடைசியாக, தோளில் பையோடு, வெள்ளைத் துணி கட்டிய மனிதன் இறங்கினான். சாலையைக் கடக்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.

முகப்பில் இருந்த கார்ப்பரல் பெயரைக் கேட்டார். அவன் தாளில் எழுதிக் கொடுத்தான். அவர் கணினியில் தேடினார், திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"தேவதாஸ், அனாக் லெலாக்கி தனபாலன்?" என்று அப்பா பெயரோடு சேர்த்து மெல்லப் படித்தார்.

தேவதாஸ் வாயைத் திறந்து மூடினான். பிறகு பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் செய்வது போல, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

கார்ப்பரல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "இவர் உங்க கணவர்தானா?"

பிரேமலா உடனே எழுந்திருக்கவில்லை. தூக்கிய அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தாள். கை வலித்திருக்கும். அவன் இறக்கவில்லை. அவள் எழுந்து போய், அவன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றாள்.

"ஆமா" என்றாள். "எழுதிக்குங்க. உயிரோட இருக்காரு."